கிளினிக் கொப்பியில் இல்லாத மருந்துகள்

வெள்ளவத்தையிலே காலி வீதியின் இரு மருங்கையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கும் வழக்கமுடையவர்களுக்கு, புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் மேலேயுள்ள மாடிகளில் அண்மைக் காலமாக ஒரு புதுவகைப் பெயர்ப்பலகை தலைகாட்டி வருவது கண்ணிற் பட்டிருக்கும். போசாக்கு ஆலோசனை, யோகாசனம், அக்குபங்சர், சித்த வைத்தியம், மனச்சாந்திக்கான பயிற்சி என்று, முன்னொரு காலத்தில் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பாராதிருந்த வித்தைகள் யாவும் வரிசையாக எழுதப்பட்டு, 'ஒருங்கிணைந்த ஆரோக்கியம்' என்னும் பொதுத் திருநாமத்தின் கீழ்க் குடியேறியிருக்கின்றன. கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் பலகைகளின் வயது கூடுதல். ஜம்பட்டா வீதியை அண்டிய ஒழுங்கைகளில், வெயிலில் வெளுத்துப்போன தகரத்தில், வைத்தியரின் பெயரும் அவர் தகப்பனாரின் பெயரும் மாத்திரமே இருக்கும். என்ன வைத்தியம் என்றுகூட எழுதியிராது, ஏனெனில் அதை அறியாதவர் அந்த ஒழுங்கைக்குள் வரப்போவதில்லை.

புதிய பலகைகளைக் கண்டு வியப்போரும் உண்டு, நகைப்போரும் உண்டு. எனக்கு இரண்டும் தோன்றவில்லை. வைத்தியங்களை ஒருங்கிணைக்கும் காரியத்தை வைத்தியர்கள் எண்ணிப் பார்ப்பதற்கு வெகுகாலத்திற்கு முன்பே நோயாளர்கள் செய்து முடித்துவிட்டார்கள் என்பது நம் வீடுகளில் யாவரும் அறிந்த, ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். விடியற்காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுத்து, பத்து மணிக்குச் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற ஓர் அம்மையார், மத்தியானம் முழங்கால் உளைவுக்குப் பரியாரியாரின் எண்ணெயைத் தேய்த்து, பின்னேரம் ஆவாரம்பூ அவித்த தண்ணீரைக் குடித்து, இரவில் மருமகள் கைத்தொலைபேசியில் கண்டறிந்த வெந்தய நீரை ஊறவைத்துவிட்டுப் படுக்கிறார். அடுத்த மாதம் கிளினிக்கில் டொக்டர், "வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்கிறார். "ஒண்டுமில்லை டொக்டர்" என்கிறார் அம்மையார். இது பொய்யன்று. அவருடைய அகராதியில் மருந்து என்பது குளிசை. ஆவாரம்பூத் தண்ணீர் மருந்தாகாது, அது தண்ணீர்.

இந்தத் தண்ணீர்களின் பிறப்பிடத்தைக் காண விரும்புவோர் புறக்கோட்டைக்குப் போகவேண்டும். குறுக்குத் தெருக்களின் சந்தடிக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் கபோஸ் ஒழுங்கையில் காலடி வைத்தவுடனேயே மூக்கு முதலில் விழித்துக்கொள்ளும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி, திப்பிலி, அதிமதுரம், வெட்டிவேர், மரமஞ்சள் எனச் சாக்குச் சாக்காக அடுக்கிய மருந்துச் சரக்குக் கடைகள் அங்கே நெடுங்காலமாக நடக்கின்றன. சிங்கள வெதமாத்தயாவும், தமிழ்ப் பரியாரியாரும், யூனானி ஹக்கீமும் ஒரே சாக்கிலிருந்தே அள்ளுகிறார்கள், பெயர்தான் வேறு. காய்ச்சல் தடிமனுக்குச் சிங்கள வீடுகளில் அவிக்கும் 'பஸ்பங்குவ' என்ற ஐந்து சரக்குக் கஷாயத்தைப் பிரித்துப் பார்த்தால், கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் என்று நம் பாட்டிமார் அறிந்த ஐவருமே அங்கே நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூக்கீரை எனப்படும் செடியைச் சிங்களவர் 'பொல்பலா' என்கிறார்கள். பொல் தேங்காய், பலா கீரை. யார் யாரிடமிருந்து பெயரைக் கடன் வாங்கினார் என்ற ஆராய்ச்சியைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடலாம்.

சட்டத்தின் கண்ணிலும் இந்த வைத்தியர்கள் ஒரே குடும்பந்தான். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே சித்தத்தையும் யூனானியையும் தேசிய சிகிச்சையையும் அடக்கிவிட்டது. ஆகவே அகத்தியர் பரம்பரை என்று பெருமை பேசும் சித்த வைத்தியரும் இந்நாட்டில் ஆயுர்வேத வைத்திய சபையில் தம் பெயரைப் பதிந்துகொண்டுதான் நாடி பிடிக்கலாம். அதற்கு முன்னரே, 1929இல், பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்று முறைகளுக்கும் அங்கே இடமிருந்தது. 1977இல் அது கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1984இல் சித்த வைத்தியத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தனி அலகு ஏற்பட்டு, கைதடியில் அது வேரூன்றியது. இன்று வெள்ளவத்தையில் வெள்ளைச் சட்டையும் இரத்த அழுத்தக் கருவியுமாக அமர்ந்திருக்கும் இளம் சித்த வைத்தியர்களிற் பலர் கைதடியிலோ திருகோணமலையிலோ பயின்று பட்டம் பெற்றவர்கள். உடற்கூற்றையும் உடற்றொழிலையும் பரீட்சைக்காகப் படித்தவர்கள். இரத்தப் பரிசோதனைத் துண்டைத் தலைகீழாகப் பிடிக்காதவர்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலோ, தகப்பனாரிடம் சரக்கு இடித்துக் கற்ற கடைசித் தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஒருங்கிணைத்தல் என்ற பேச்சும் புதிதன்று. சென்னையில் 1925இல் அரசாங்கம் தொடங்கிய இந்திய வைத்தியப் பாடசாலையின் முதல்வராக விளங்கிய கப்டன் சீனிவாசமூர்த்தி, மேல்நாட்டு வைத்தியத்திலும் சுதேச வைத்தியத்திலும் ஒருசேரப் பழகிய மருத்துவர்களை உருவாக்கவேண்டுமென்று கனவு கண்டவர். அந்தப் பாடசாலை வளர்ந்து, ஒருங்கிணைந்த வைத்தியக் கல்லூரி என்ற பெயரையே பெற்று, ஈற்றில் 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக, அதாவது முழுக்க முழுக்க ஆங்கில வைத்தியக் கல்லூரியாக, மாறிவிட்டது. இரண்டு ஆறுகளை ஒரே வாய்க்காலிற் பாய்ச்சினால் பெரிய ஆறு மற்றதை விழுங்கிவிடும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பின்னர் 1964இல் பாளையங்கோட்டையில் சித்த வைத்தியத்துக்குத் தனிக் கல்லூரி ஏற்பட்டதும், நம்மிடத்தில் கைதடி தனித்து நின்றதும், அந்த அனுபவத்தை வைத்துப் பார்த்தால் நன்மையாகவே எனக்குப் படுகிறது. பாடத்திட்டத்தில் ஒருங்கிணைப்பது வேறு. நோயாளியின் முன்னிலையில் ஒருங்கிணைவது வேறு. நாம் கவலைப்படவேண்டியது பின்னதைப் பற்றியே.

அந்தப் பின்னதிலே சுதேச வைத்தியரிடம் மறுக்கவொண்ணாத ஒரு சிறப்பு உண்டு. சித்த வைத்திய நூல்கள் கூறும் எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் பார்த்துத்தான் நோயை நிதானிக்கவேண்டும். இதிலே மொழி என்பதைக் கவனியுங்கள். நோயாளி பேசும் தொனியும் சுரமும் ஒரு தேர்வுப் பொருளாக வைக்கப்பட்டமையால், அவனைப் பேசவிடுவது வைத்தியனின் கடமையாயிற்று. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் ஏற்ற இறக்கமாக நோயை விளக்கும் அந்தச் சாஸ்திரத்தை இன்றைய விஞ்ஞானத்தோடு அப்படியே பொருத்திக் காட்ட முற்படுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஆயினும் தூக்கம், மலசலம், பசி, வீட்டுக் கவலை, சமையல் ஆகியவற்றை விசாரித்தறிய அரைமணி நேரம் செலவிடுகிற ஒருவர், ஐந்து நிமிஷத்தில் ஒரு நோயாளியை அனுப்பவேண்டிய நிர்ப்பந்தத்திலிருக்கும் மற்றொருவருக்குத் தெரியாத சில சங்கதிகளை அறிந்துகொள்வார் என்பதில் சந்தேகமில்லை.

அவர் கையிலிருக்கும் இன்னொரு கருவி பத்தியம். 'பத்யம்' என்ற வடசொல் வழி எனப் பொருள்படும் அடியிலிருந்து பிறந்தது. உடல் போகும் வழிக்கு ஒத்தது பத்தியம், ஒவ்வாதது அபத்தியம். நம்மவரிடத்தில் அது சாஸ்திரமாக நின்றுவிடாமல் அடுப்பங்கரைக்குள் புகுந்தது. மிளகாயை விலக்கி, மிளகு, சீரகம், கொத்தமல்லி, உள்ளி சேர்த்து வைக்கும் பத்தியக் கறியின் வாசனையை, பிள்ளை பெற்ற வீட்டைக் கடந்துபோன எந்த யாழ்ப்பாணத்தவரும் மறக்கமாட்டார். பரியாரியார் மருந்தைக் கொடுக்கும்போதே இன்னது ஆகும், இன்னது ஆகாது, இன்ன மீனை இப்படிக் காய்ச்சு, இத்தனை நாளைக்கு என்று தாயாருக்கோ மனைவிக்கோ சொல்லி அனுப்பினார். அதிலே அர்த்தமற்ற விலக்குகளும் இருந்தன. போசாக்குக் குறைந்த பிள்ளைத்தாய்ச்சியிடமிருந்து முட்டையையும் மீனையும் பறித்த பத்தியங்களை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அது சமைப்பவரை நோக்கிச் சொல்லப்பட்ட வார்த்தை. இன்று பலருடைய குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் உணவு அட்டவணைப் பிரதியை வாசித்துப் பாருங்கள்: ஓட்ஸ், அப்பிள், புரொக்கோலி. பிட்டும் சொதியும் உண்ணும் வீட்டுக்கு அந்தத் தாள் யாரோ அயலவர் முகவரிக்கு வந்த கடிதம்போல் இருக்கிறது.

நல்ல போசாக்கு ஆலோசகர்கள் இதை உணர்ந்துவிட்டார்கள். பிட்டை விடச் சொல்லாமல் பிட்டின் அளவைக் குறைக்கச் சொல்கிறவரும், மாவைப் பிசைவதற்கு முன்னே தட்டிலே கீரையும் பருப்பும் மீனும் எவ்வளவு என்று கேட்கிறவரும், முதலில் கறியை உண்டு பிறகு பிட்டுக்கு வாருங்கள் என்று உண்ணும் ஒழுங்கையே மாற்றிப் பார்க்கிறவரும் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். மரக்கறியும் புரதமும் முந்திச் சென்றால் மாப்பொருள் இரத்தத்தில் வெல்லமாகச் சேர்வது தாமதமாகும் என்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை. பழைய பந்தியிலே சோற்றை முதலில் மலைபோற் குவித்த நம் விருந்தோம்பலுக்கு இது சற்றுச் சங்கடமான உண்மையுங்கூட.

சீனி வருத்தத்தைச் சுற்றியே இவ்வளவும் சுழல்வதற்குக் காரணம் உண்டு. 2005க்கும் 2006க்கும் இடையில் நடந்த தேசியக் கணக்கெடுப்பொன்று, இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதையும், நகரப் புறத்தில் அது 16.4 வீதமாக ஏறுவதையும், நோயுற்றவரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்ததையும் காட்டிற்று. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. கொழும்புத் தமிழர் சேர்க்கப்பட்டனர். பின்னேரங்களில் மரைன் டிரைவில் கடற்காற்றை எதிர்த்து விறுவிறென்று நடக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் காற்று வாங்க வந்தவர்கள் அல்லர் என்பது அங்கே நிற்கும் கடலைவண்டிக்காரருக்கும் தெரியும்.

இந்த நோய்க்கு மூலிகைகள் உதவுமா என்று கேட்டால், 'எல்லாம் நம்பிக்கை' என்று தள்ளிவிடுவோருக்கு நான் கொத்தலஹிம்புட்டு மரக்குவளையைக் காட்டுவேன். சித்த வைத்தியத்தில் கடலழிஞ்சில் எனப்படும் இனத்தைச் சேர்ந்த கொடி அது. அதன் தண்டைக் குடைந்து குவளையாக்கி, இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் பருகுவது சிங்கள வைத்தியரின் பழைய வழக்கம். யப்பானிய விஞ்ஞானிகள் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுள் ஒன்றுக்குக் 'கொத்தலனோல்' என்று அந்தச் சிங்களப் பெயரையே சூட்டினார்கள். குடலிலே மாப்பொருளை வெல்லமாக உடைக்கும் நொதியத்தை அது தடுக்கிறது. அகார்போஸ் என்ற ஆங்கில மருந்து செய்வதும் அதே வேலையைத்தான். 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 51 நோயாளருக்கு, மூன்று மாதம் இந்த மூலிகைத் தேநீரும் மூன்று மாதம் அதைப்போலவே தோன்றும் வெறுந் தேநீரும், எது எதுவென்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாத முறையில் கொடுக்கப்பட்டன. மூன்று மாதச் சராசரி இரத்த வெல்லத்தைக் காட்டும் அளவு, மூலிகையின்போது 6.29 ஆகவும் வெறுந் தேநீரின்போது 6.65 ஆகவும் இருந்தது. வேறுபாடு சிறிதுதான், ஆனால் உண்மையானது. அந்நோயாளர்கள் தம் குளிசைகளை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தவர்கள் அல்லர் என்பதையும், ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களுடைய இரத்தம் பரிசோதிக்கப்பட்டது என்பதையும், குவளையை விற்பவர் சொல்ல மறந்துவிடுவார்.

வேலை செய்கிற மருந்து வேலை செய்யத்தான் செய்யும். அங்கேதான் அபாயமும் இருக்கிறது. 1979இல் லான்செட் சஞ்சிகையில் ஒரு சிறு கடிதம் வெளியாயிற்று. நீரிழிவுக்குக் குளிசை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பாகற்காயும் சேர்த்து உண்டதால், இரண்டும் சேர்ந்து அவருடைய இரத்த வெல்லத்தை எதிர்பாராத அளவுக்கு இறக்கியதைப் பற்றியது அது. பாகற்காய் தோற்றிருந்தால் கடிதத்துக்கு இடமில்லை. அது வென்றதே சங்கடம். இலங்கை வைத்தியர்கள் 2015இல் எழுதிய மற்றோர் அறிக்கை இதனினும் துயரமானது. தமரத்தை என்று நாமும் காமரங்கா என்று சிங்களவரும் சொல்லும் நட்சத்திரப் பழத்தின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றிய அறிக்கை அது. நீரிழிவுக்கு நல்லதென்று நெடுங்காலம் அருந்தியவரும் அவர்களுள் அடக்கம். அப்பழத்தில் மிகுந்திருக்கும் ஒட்சலேற்று சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாக உறைந்து அவற்றை அடைத்துவிடுகிறது. வீட்டு முற்றத்து மரத்தில் காய்ப்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது.

இலைக்கஞ்சியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும், ஏனெனில் அதைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. வல்லாரையும் சாத்தாவாரியும் முருங்கையிலையும் அரைத்துச் சேர்த்த காலைக்கஞ்சி, பாணும் பட்டருமாகிய காலையுணவைவிட எவ்வளவோ மேல். ஆனால் செயற்கை இருதய வால்வு பொருத்திக்கொண்டு, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கும் ஒருவர், திடீரென்று ஒரு நல்ல நாளில் தொடங்கித் தினமும் பச்சை இலைகளை அதிகமாக அருந்தினால், இலையிலுள்ள உயிர்ச்சத்து கே அந்தக் குளிசையின் வேலையை முறியடிக்கத் தொடங்கும். கஞ்சியை அவர் விடவேண்டியதில்லை. எந்த அளவில் குடிக்கிறாரோ அந்த அளவில் மாறாமல் குடித்து, அதற்கேற்பக் குளிசையைத் திட்டப்படுத்தினாற் போதும். அதற்குக் கஞ்சி இருப்பது டொக்டருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

குரக்கனும் அப்படியே. சுண்ணாம்புச் சத்தில் அரிசியெல்லாம் அதன் அருகே நிற்க முடியாது. நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதற்காக, குரக்கன் றொட்டி எத்தனை தின்றாலும் சீனி ஏறாது என்று வீட்டுக்கு வீடு நிலவும் நம்பிக்கை சரியென்று ஆகாது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் நம் உணவுகளை அளந்து பார்த்தபோது, குரக்கன்மா றொட்டி இரத்த வெல்லத்தை ஏற்றும் வேகத்தில் மற்ற மா றொட்டிகளிலிருந்து பெரிதும் விலகி நிற்கவில்லை. தானியம் எதுவாயினும் நைந்த மாவானபின் குடலுக்கு அது இலகுவான இரைதானே. முழுக் கடலையும் பயறும் இதில் எவ்வளவோ சாந்தமானவை.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. என் பெரியம்மா நாற்பது வயதிலிருந்தே மச்சத்தைத் தொடாத சுத்த சைவம். பாலும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குளிசை பன்னிரண்டு ஆண்டு. ஒரு காலத்தில் பாதங்கள் விறைக்கத் தொடங்கின; செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாமல் நடந்தார். ஓரிடத்தில் 'சீனி நரம்பைப் பாதிச்சிட்டுது' என்றார்கள். இன்னோரிடத்தில் வாதம் என்று எண்ணெய் கொடுத்தார்கள். எண்ணெய் நல்ல எண்ணெய், தூக்கமும் வந்தது, விறைப்பு மட்டும் போகவில்லை. கடைசியாகப் போசாக்குத் துறையில் பயின்ற ஓர் இளம் வைத்தியப் பெண்மணி, காலைத் தொடுவதற்கு முன்பே, "அம்மா, நீங்கள் மச்சம் சாப்பிடுறனீங்களா? பால், முட்டை?" என்று கேட்டார். பி12 என்ற உயிர்ச்சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை. மெற்ஃபோமின் நெடுநாள் எடுப்பவருக்கு இருப்பதும் உறிஞ்சப்படுவது குறையும். சைவமும் குளிசையும் ஒன்றுசேர்ந்து பெரியம்மாவின் கையிருப்பை வெறுமையாக்கியிருந்தன. ஊசி போட்டபின் விறைப்பு ஓரளவு குறைந்தது. முற்றாக அல்ல, ஏனெனில் நரம்பு நெடுநாள் காத்திருப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க எந்த யந்திரமும் தேவைப்படவில்லை என்பதே எனக்கு இன்றுவரை ஆறாத வியப்பு.

ஆகவே பலகையில் எத்தனை வித்தைகள் எழுதியிருக்கின்றன என்பதை வைத்து நான் ஒருங்கிணைந்த வைத்தியரை மதிப்பதில்லை. ஆங்கில வைத்தியராகட்டும், கைதடியில் பயின்றவராகட்டும், உணவு ஆலோசகராகட்டும், 'வேறென்ன எடுக்கிறீர்கள், என்ன உண்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள்' என்று கேட்டு, மற்றவர் எழுதிய துண்டையும் வாங்கிப் படிக்கிறவரே அந்தப் பெயருக்கு உரியவர். 1978இல் அல்மா அட்டாவில் கூடிய நாடுகள், ஆரம்பச் சுகாதார சேவையில் பாரம்பரிய வைத்தியர்களும் தேவைக்கேற்பப் பங்குபெறலாம் என்று பிரகடனம் செய்தன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் குஜராத்தின் ஜாம்நகரில் பாரம்பரிய வைத்தியத்துக்கென ஓர் உலக நிலையத்துக்கே அத்திவாரமிட்டது. கொழும்பு மாநகர சபை இலவச ஆயுர்வேத மருந்தகங்களைப் பல காலமாக நடத்தி வருகிறது. மேலே பிரகடனமும் கீழே மருந்தகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில், ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் ஒரு கடிதத்தாள் மாத்திரம் இல்லை.

போலிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கத்தில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணி கொரோனாவைத் தடுக்குமென்று செய்தி பரவ, கூட்டங் கூடக்கூடாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாகப் பருகிய சுகாதார அமைச்சரே மறுமாதம் அந்நோய்க்கு ஆளானார். பரம்பரை வைத்தியர்களுக்கு அந்தப் பாணி செய்த அவமானத்தை எந்த ஆங்கில வைத்தியரும் செய்ததில்லை. உலோகங்கள் சேர்ந்த பற்பம், செந்தூரம் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 தென்னாசிய மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ கலந்திருந்தது. புடமிட்டுச் சுத்தி செய்யும் முறையைக் குருமுகமாகக் கற்றவர் இதைக் கேட்டுக் கோபிப்பார். அவர் கோபிக்கவேண்டியது சோதித்தவர்மீதன்று, சுத்தி செய்யாமல் விற்றவர்மீது. சுதேச வைத்தியர் பதிவு பெற்றவரா என்று பார்க்க வைத்திய சபையின் பதிவேடு உண்டு. 'ஹெல்த் கோச்' என்று பலகை தொங்கவிடுகிறவரை எந்தப் பதிவேட்டில் தேடுவதென்று என்னைக் கேட்டால் விழிப்பேன்.

இன்னொரு தடையும் கொழும்புத் தமிழருக்கு உண்டு: அது பாஷை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், இடையே தாய்நாடு சென்று 1862இல் திரும்பியபின், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அங்காதிபாதம் முதலிய வைத்திய நூல்களைத் தமிழிற் கொண்டுவந்தார். நோயாளியின் பாஷை வைத்தியனின் பாஷையாகவும் இருக்கவேண்டுமென்று நினைத்த மனிதர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கொழும்புக் கிளினிக்கில், மருந்துத் துண்டு ஆங்கிலத்திலும், அதை எடுக்கும் விதம் சிங்களத்திலும், நோய் தமிழிலும் இருக்கிறது. ஆவாரம்பூ என்று ஒரு தமிழ்த் தாய் உள்ளபடியே சொல்ல விரும்பினாலும், அதை எந்தப் பாஷையில் சொல்வது?

பெரியம்மாவின் விஷயத்தில் இதற்கு ஒரு வழி செய்தோம். அவருடைய கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், வீட்டில் அவர் அருந்தும் தண்ணீர்கள், பூசும் எண்ணெய், பரியாரியார் கொடுத்த சூரணம் எல்லாவற்றையும் என் மகள் தமிழில் நிரலாக எழுதிவைத்தாள். பெரியம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. "டொக்டர் ஏசப்போறார் பிள்ளை" என்றார். அடுத்த தவணைக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் பக்கத்தைப் புரட்டினார், தமிழ் தெரியாதவர். மகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் விளக்க முயன்றாள். வெந்தயத்துக்குத் தலையசைத்தார். சூரணத்தின் அருகே கேள்விக்குறி இட்டு, அதைக் கொடுத்தவர் ஒரு துண்டு எழுதித் தருவாரா என்று கேட்டார். ஆவாரம்பூவில் மகளின் ஆங்கிலம் தடுக்கி விழுந்தது, பூவின் நிறத்தைச் சொன்னாள், செடியின் உயரத்தைக் கையாற் காட்டினாள், டொக்டருக்குப் புலப்படவில்லை. நிறை பார்த்துக்கொண்டிருந்த சிங்களத் தாதிப் பெண் எட்டிப் பார்த்து, மகள் கைத்தொலைபேசியில் எடுத்துவைத்திருந்த படத்தைக் கண்டதும் சிரித்தாள்.

"ரணவரா, டொக்டர்" என்றாள். "எங்கட அம்மாவும் ஒவ்வொரு நாளும் குடிக்கிறவ." பிறகு பெரியம்மாவின் பக்கம் திரும்பி, உடைந்த தமிழில், எத்தனை கோப்பை என்று கேட்டாள்.